அத்தியாயம் 3: கேள்வி ஊரிலிருந்து வரட்டும்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை நூலகத்துக்குப் போய், கணிதம் தொடர்பான ஆய்வேடுகளை வரிசையாக எடுத்துத் தலைப்பையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படியுங்கள். நேரில் போக முடியாதவர்கள் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ‘சோத்கங்கா’வில் தேடலாம். நாலைந்து படித்ததுமே அச்சு பிடிபட்டுவிடும். ‘இன்ன மாவட்டத்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித மனப்பான்மையும் அடைவும்’ என்று தலைப்பு. உள்ளே ஒரு வினாப்பட்டியல், சில நூறு மாணவர்கள். ஆண்-பெண், அரசு-தனியார், தமிழ்வழி-ஆங்கிலவழி, கிராமம்-நகரம் என்று வரிசையாக மாறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டி-சோதனை. கிராம மாணவர்களுக்கும் நகர மாணவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு, அல்லது இல்லை. அத்தோடு கிராமத்தின் கதை முடிந்தது.

இப்படி எழுதியும் பட்டம் வாங்கலாம், வாங்கியவர்கள் நிறைய. ஆனால் அந்த ஊரில் நெல் விளைகிறதா, தறி ஓடுகிறதா, பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்களா என்று அந்த ஆய்வேட்டைப் படித்து யாராலும் சொல்ல முடியாது. கிராமம் அங்கே படிவத்தில் டிக் அடித்த ஒரு கட்டம். நீங்கள் கிராமத்துப் பள்ளியில் கணக்கு எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் என்றால், உங்கள் கையில் இருப்பது அந்தக் கட்டத்தைவிடப் பெரிய சரக்கு. அதை ஆய்வுக் கேள்வியாக்குவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஊரில் புழங்கும் கணக்கு

டெல்டா பக்கத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே வயலுக்கு அங்கே மூன்று அளவு நடக்கிறது. வாய்ப்பேச்சில் ‘மூணு மா நிலம்’. பத்திரத்தில் சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். 144 சதுர அடிக் குழி நூறு சேர்ந்தால் ஒரு மா. 20 மா ஒரு வேலி. கணக்குப் போட்டால் ஒரு மா என்பது 33 சென்ட், பட்டாவில் அது 13.4 ஏருக்குச் சற்றுக் குறைவு. குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பது தனிச் சிக்கல். எட்டாம் வகுப்புப் பையன் வகுப்பில் சதுர மீட்டரில் பரப்பளவு கண்டுபிடிக்கிறான்; வீட்டுக்குப் போனால் இந்த மூன்றும் காதில் விழுகின்றன. நான்குக்கும் இடையே அவன் எப்படிப் போய் வருகிறான், அல்லது போய் வராமலே இருக்கிறானா? இந்த ஒரு கேள்வியில் ஒரு முழு ஆய்வேடு இருக்கிறது.

அடுத்தது நெல் கொள்முதல். குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு அறிவிக்கப்படுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுவதோ 40 கிலோ மூட்டையில். 2024-25 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசு விலை ரூ.2,300, அதன்மேல் மாநில ஊக்கத்தொகை ரூ.105. ஆக ரூ.2,405. மூட்டைக்கு எவ்வளவு என்று ஒரு மாணவனிடம் கேட்கிறீர்கள், உரையாடல் இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்:

— தொள்ளாயிரத்து அறுவத்திரண்டு சார்.

— எப்படிப் போட்ட?

— பாதிக்கு ஆயிரத்து எரநூத்தி ரெண்டரை. அதுல பத்து கிலோவுக்குத் தள்ளணும். பத்து கிலோவுக்கு எரநூத்தி நாப்பதரை. போக மிச்சம் அதான் சார்.

— நூறால வகுத்து நாப்பதால பெருக்கலையா?

— எங்கப்பா இப்புடித்தான் சார் போடும்.

இதைப் பொறுமையாகப் பாருங்கள். நாற்பதை அவன் 50-லிருந்து 10 போனது என்று பிரித்திருக்கிறான். பங்கீட்டுப் பண்பு என்று நாம் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். 1202.50 என்ற தசம எண்ணை ‘ரெண்டரை’ என்று பாதியாகக் கையாள்கிறான், புள்ளி அவனுக்கு இடைஞ்சலே இல்லை. அதே பையன் வகுப்புத் தேர்வில் 2405 × 0.4 என்று கொடுத்தால் புள்ளியைத் தவறான இடத்தில் வைக்கலாம். வைக்கிறானா என்று சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை. முன்கூட்டியே ‘வைப்பான்’ என்று முடிவு செய்துகொண்டு போகக் கூடாது.

இந்த உதாரணத்தில் மரக்கால் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். கிராமத்துக் கணிதம் என்றதும் மரக்கால், படி, உழக்கு, முந்திரி, மாகாணி என்று பழைய அளவைகளின் பட்டியல் தயாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதையும், அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்குவதையும் பதிவு செய்வது நல்ல காரியம். ஆனால் அது வரலாற்று ஆய்வு. அந்த வழியில் போக நினைப்பவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு திண்ணைப் பள்ளி, எண்சுவடி, கணக்கதிகாரம் ஆகியவற்றை வைத்துச் செய்திருக்கும் வேலையை முதலில் படிக்க வேண்டும். உங்கள் மாணவர்கள் இன்று பார்ப்பது மின்னணுத் தராசு, ஈரப்பதமானி, மகளிர் குழுவின் பாஸ்புத்தகம், நூறு நாள் வேலையின் வருகைப்பதிவு. கணிதக் கல்வி ஆய்வுக்குக் கேள்வி அங்கிருந்து வருவதே நல்லது.

கோலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புள்ளிக் கோலத்தை வைத்துச் சமச்சீர் கற்பிக்கிறேன் என்று வரும் ஆய்வு முன்மொழிவுகளுக்குக் குறைவே இல்லை. 1970-களிலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் கோலத்தை வைத்து முறையான மொழிக் கோட்பாட்டில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிவிட்டார்கள். அதைத் தாண்டிச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால் தொடுங்கள்.

முன்னால் போனவர்கள்

இலக்கிய மீளாய்வு என்றால் ஐம்பது ஆய்வேடுகளின் சுருக்கத்தை அடுக்குவது என்று இங்கே ஒரு வழக்கம் ஊறிவிட்டது. அதைவிட நாலு வேலைகளை ஆழமாகப் படித்து அவற்றோடு வாதாடுவது மேல்.

முதலில் படிக்க வேண்டியது பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் டெரேஸின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் செய்து 1985-ல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்கள் வெறும் ஐந்து பேர், 9 முதல் 15 வயது வரை, சந்தையில் வியாபாரம் செய்யும் பிள்ளைகள். ஆய்வாளர்கள் வாங்குபவர்களாகப் போய் விலை கேட்டார்கள். பிறகு அதே எண்களைத் தாளில் கணக்காகக் கொடுத்தார்கள். சந்தையில் 98 சதவீதம் சரி, தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம். காய் 35 என்று தேங்காய் விற்ற பன்னிரண்டு வயதுப் பையன், பத்துக் காய்க்கு ஒரு சைபர் சேர்க்கவில்லை; மும்மூன்றாக 105, 210, 315 என்று கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு காயைச் சேர்த்து 350-க்கு வந்தான். சில நூறு பேர் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை என்று உங்களை யாராவது மிரட்டினால், உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வில் ஐந்தே பேர் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, 2025-ல் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் வெளியிட்டது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை பார்க்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்கள் வியாபாரக் கணக்கில் கெட்டி, பள்ளிக் கணக்கில் தடுமாற்றம். வியாபாரம் அறியாத பள்ளிப் பிள்ளைகளுக்கோ நேர்மாறு. ரெசிஃபி ஆய்வில் இல்லாத பாதி இது: பள்ளிக் கணக்கும் சந்தைக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. இரண்டு ஆய்வுகளுமே நகரத்துச் சந்தையில் நடந்தவை என்பது உங்களுக்கு உள்ள இடைவெளி. சந்தையில் கணக்கைத் தப்பாகப் போட்டால் வாங்குபவர் உடனே கேட்டுவிடுவார். வயலில் உரம் தப்பாகப் போட்டால் தெரிய மாதங்கள் ஆகும். திருத்தம் இவ்வளவு தாமதமாக வரும் இடத்தில் கணக்கு எப்படிக் கற்றுக்கொள்ளப்படுகிறது என்று இந்த இரண்டும் கேட்கவில்லை.

மூன்றாவது, பிரேசிலின் உபிரட்டான் டி’அம்பிரோசியோ தொடங்கிவைத்த ‘எத்னோமேத்தமேட்டிக்ஸ்’ மரபு. நம் பக்கம் இதை இனக்கணிதம் என்கிறார்கள். ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று எண்ணவும் அளக்கவும் விளக்கவும் வழி வைத்திருக்கிறது என்பது அடிப்படை. கூடவே அதன்மீதான விமர்சனங்களையும் படியுங்கள். கூலிக்காரர் பிள்ளைக்கு ஊர்க்கணக்கு போதும், அல்ஜீப்ரா எதற்கு என்று யாரும் திரித்துக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

நான்காவது ஒரு முன்மாதிரி. அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதி, நிலக்கரி எடுத்து ஓய்ந்த கிராமங்கள். அங்கே 2001-ல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு ‘அக்ளைம்’ என்ற மையம் தொடங்கியது. ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கிராமப்புறக் கணிதக் கல்விக்கென்றே முனைவர் படிப்பு நடத்தின. கணிதத்தோடு கிராமச் சமூகத்தைப் பற்றியும் மாணவர்கள் படித்தார்கள். நம்மிடம் அப்படியொரு படிப்பு இல்லை. ஆகவே அந்த இரண்டாவது பாதியை நீங்களே தேடிப் படிக்க வேண்டும். விவசாயக் கூலி, நில உடைமை, சாதி, இடம்பெயர்வு பற்றித் தமிழக கிராமங்களில் நடந்த ஆய்வுகள் ஏராளம். கல்வியியல் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் அவை கண்ணில் படுவதே இல்லை.

புள்ளிவிவரம் வேண்டுமென்றால் ‘ஏசர்’ அறிக்கைகளைப் பாருங்கள். இந்திய கிராமங்களில் வீடுவீடாகப் போய்ச் சோதிப்பது அது. 2022 அறிக்கையில் ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் செய்ய முடிந்தவர்கள் தேசிய அளவில் கால்வாசிப் பேர்தான். முன்னுரையில் ஒரு பத்தி எழுத இது உதவும். அதற்குமேல் அதில் சாய்ந்துகொள்ள வேண்டாம். வகுக்கத் தெரியவில்லை என்பதை அது சொல்லும், சாகுபடிச் செலவை நாலு பங்காளிக்கு எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

வட்டிக் கணக்கு: ஓர் எச்சரிக்கை

வட்டியைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கு இதைவிட வளமான பொருள் கிராமத்தில் கிடையாது. இதைவிட ஆபத்தானதும் கிடையாது.

ஊரில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். பாடப்புத்தகத்தில் வட்டிவீதம் ஆண்டுக்கு. ஐயாயிரம் ரூபாய் ரெண்டு வட்டிக்குப் பத்து மாதம் என்றால், ‘மாசம் நூறு, பத்து மாசத்துக்கு ஆயிரம்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதே கணக்கைச் சூத்திரத்தில் போட 24 சதவீதம், 10/12 ஆண்டு என்று மாற்ற வேண்டும். அங்கேதான் பலர் விழுகிறார்கள். தண்டல் இன்னும் சுவாரசியம். ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்துவிட்டு நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குவார்கள். பார்த்தால் பத்து சதவீதம் போலத் தெரியும். முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டிருப்பதால் உண்மையான வட்டி அதைவிட எவ்வளவோ அதிகம். எவ்வளவு என்று கண்டுபிடிக்க உயர்நிலை வகுப்புக் கணிதம் தேவை. ‘பிள்ளைகளுக்கு அர்த்தமுள்ள கணக்கு’ என்று நாம் தேடுவது இதுதானே என்று தோன்றும்.

ஆனால் ‘உங்க வீட்டுல யாராவது தண்டல் வாங்கியிருக்காங்களா?’ என்று வகுப்பில் கேட்கவே கேட்காதீர்கள். ஒரு பெண் பிள்ளை கை தூக்கினால் அவள் வீட்டுக் கடன் நாற்பது பேருக்குத் தெரிந்துவிடும். வட்டிக்குக் கொடுப்பவரின் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கலாம். பதிவேட்டில் நீங்கள் எழுதும் குறிப்பு யார் கையிலாவது சிக்கினால் இன்னும் மோசம். ஊர்ப்பெயரை மாற்றிவிட்டேன் என்பது போதாது. ‘இத்தனை வீடு உள்ள, இன்ன கோயில் உள்ள ஊர்’ என்று எழுதினாலே ஆறு மைல் சுற்றளவில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே கற்பனைக் குடும்பம் ஒன்றை உருவாக்கி, அந்தக் குடும்பத்தின் கடனாகக் கணக்கைக் கொடுங்கள். சொந்த அனுபவம் தானாக வெளிவந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், தோண்டாதீர்கள். பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் கடிதத்தை அவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. நீங்கள் அதே பள்ளியின் ஆசிரியர் என்றால் ‘முடியாது’ என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் வாய் வராது. முடிந்தவரை பக்கத்து ஒன்றியத்துப் பள்ளியைக் களமாகத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

களத்துக்குப் போவது

அரசுப் பள்ளியில் ஆய்வு செய்ய எழுத்துமூல அனுமதி வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலகத்தில் தொடங்குங்கள். நெறியாளரின் பரிந்துரைக் கடிதம், கருவிகளின் பிரதி, எத்தனை பாடவேளை எடுப்பீர்கள் என்ற விவரம் மூன்றும் சேர்ந்திருந்தால் கோப்பு நகரும். அனுமதி வந்த பிறகு தலைமையாசிரியரிடம் ஆணையைக் காட்டி அதட்டலாகப் போய் நிற்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஊர்க்காரர்களிடம் நேரில் சொல்லுங்கள். வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநரைத் தெரிந்து வைத்துக்கொள்வது பல அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நாள்காட்டியை ஊரோடு சேர்த்துப் போடுங்கள். சம்பா அறுவடையும் கொள்முதலும் சூடு பிடிப்பது தை, மாசியில். பள்ளியில் அது செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நடக்கும் காலம். பத்தாம் வகுப்பைத் தொட விட மாட்டார்கள், தொடவும் கூடாது. ஏழு, எட்டாம் வகுப்புகளை எடுத்தால் களமும் வகுப்பும் ஒரே நேரத்தில் கிடைக்கும். நூறு நாள் வேலையை ஆராய்கிறவர்களுக்கு வேறு மாதங்கள்.

ஒலிப்பதிவைப் பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள். மேலே உள்ள பையனின் பதிலை ‘ஐம்பது கிலோவின் விலையிலிருந்து பத்துக் கிலோவின் விலையைக் கழிக்க வேண்டும்’ என்று செந்தமிழாக்கினால், அவன் ‘தள்ளணும்’ என்று எதைச் செய்தான் என்ற தடயமே போய்விடும். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதும் கட்டாயம் இருந்தால், தமிழ் மூலத்தைப் பக்கத்திலேயே வைத்துவிட்டு மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். பின்னிணைப்பில் தள்ளினால் யாரும் புரட்ட மாட்டார்கள்.

விதிகள், சுருக்கமாக

இவற்றைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறையில் நீங்களே படித்துக்கொள்ளலாம். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, மேலும் 2 ஆண்டு நீட்டிப்புக்கு வழி உண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் சலுகை இருக்கிறது. முதுகலையில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு. பாடநெறி குறைந்தது 12 கிரெடிட். பகுதிநேரம் உண்டு, வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும், அரசு ஆசிரியர்கள் துறை அனுமதியை முன்னதாகவே வாங்கிவிட வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும்.

நெட் தேர்வில் பலர் குழம்புகிறார்கள். கணிதம் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் வருகிறது, கணிதக் கல்விக்குப் பொதுவாக எழுத வேண்டியது யு.ஜி.சி. நெட்டின் கல்வியியல் தாள். 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள், அந்தத் தகுதி ஓராண்டு செல்லும். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் ரூ.37,000, அது முழுநேரத்தாருக்கு மட்டும். எம்.எட். இல்லாமல் எம்.எஸ்சி. கணிதத்தோடு வருகிறவர்களுக்குப் பல கல்வியியல் துறைகளில் கதவு திறக்காது. அவர்கள் மும்பையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கீழ் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தை விசாரிக்க வேண்டும்.

நெறியாளரிடம் எடுத்துப் போகும் ஒரு பக்கம்

நெறியாளரை அவர் பெயருக்காகத் தேர்ந்தெடுக்காமல், அவர் வழிநடத்திய ஆய்வேடுகளைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். அவற்றில் ஒன்றிலாவது மாணவனின் குரல் பத்து வரியாவது இருக்கிறதா? இருந்தால் போய்ப் பாருங்கள். எல்லாமே அட்டவணையாக இருந்தால் அவர் நல்லவராக இருக்கலாம், இந்த வேலைக்கு ஒத்துவர மாட்டார். இணை நெறியாளருக்கு விதியில் இடம் இருக்கிறது; சமூகவியலோ மானுடவியலோ தெரிந்த ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

முதல் சந்திப்புக்கு ஒரே ஒரு பக்கம் போதும். மேல் பாதியில் ஓர் உரையாடல்: நெல் மூட்டைக் கணக்கு போல, உங்கள் ஊரில் நீங்கள் கேட்டது, பேச்சுவழக்கிலேயே. அதன் கீழே, அந்தப் பிள்ளை செய்ததற்கும் பாடப்புத்தகம் எதிர்பார்ப்பதற்கும் எங்கே இடைவெளி என்று மூன்று வரி. அதன் கீழே, இதை விளக்க என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும், யாரிடம் கேட்பீர்கள், எந்த மாதத்தில். ‘மாதிரி அளவு எவ்வளவு?’ என்பது அநேகமாக அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். இரண்டு ஊர், இரண்டு வகுப்பு, ஓராண்டு என்று சொல்லுங்கள். பரவலைக் காட்டப் பிறகு ஒரு தேர்வை அதிகம் பேருக்கு வைக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அதில் தீர்ந்துவிடும். ‘இதில் கல்வி எங்கே இருக்கிறது?’ என்று இரண்டாவதாகக் கேட்பார். வாய்மொழித் தேர்வு வரை துரத்தும் கேள்வி அது. ஊர்க்கணக்கை விவரிப்பதோடு நிற்காமல், அதை வைத்து வகுப்பில் எந்தப் பாடவேளையை எப்படி மாற்றி எடுத்துப் பார்ப்பீர்கள் என்று ஒரு வரியாவது அந்தப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.

தலைப்பு மட்டும் இப்போது வேண்டாம். பதிவுப் படிவம் கேட்கும்போது தற்காலிகமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்போது வரை, எந்தக் கட்டணத்தில் மாற்றலாம் என்று ஆராய்ச்சிப் பிரிவில் அன்றே கேட்டுக் குறித்து வையுங்கள்.